அதிர்வு தயங்கும் அடுக்கு

பூரபி மூன்று நாளாகச் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறாள் என்று நிரோதா என்னிடம் சொன்னது ஒரு வெள்ளிக்கிழமை காலையில். கம்பெனி குவார்ட்டர்சில் எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் பொதுவாக ஒரே குழாய். ஆனி பிறந்ததிலிருந்து மழை விடவில்லை. குழாயடி வழுக்காமலிருக்கச் செங்கல்லை அடுக்கிக்கொண்டே பேசினாள் நிரோதா.

"மூங்கில் குருத்துப் போட்டு மீன்சாறு வச்சேன். அது வச்சா சட்டியவே வழிச்சுத் தின்கிறவ, கையே வைக்கல. ஆபீஸ்ல ஏதாச்சுமாண்ணா? உங்க வண்டியிலதான போறா வர்றா."

எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது. நான் கம்பெனி ஜீப் ஓட்டுகிறவன். பெயர் டிம்பேஸ்வர். பூரபி பின்சீட்டில் உட்கார்ந்தால் வழக்கமாக வாய் ஓயாது. அந்த வாரம் முழுக்க ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

நிரோதாவின் புருஷன் ஜூகல் சேத்தியா, எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்கில் டிரில்லர். துளைக்கும் குழாயை இறக்குவதும் ஏற்றுவதும் அவன் கைப்பிடியில். ஒரு வாரம் வேலை, ஒரு வாரம் வீடு. அப்போது தெகேரிமுக்கில் புதுக் கிணறு தோண்டிக்கொண்டிருந்தார்கள். டிஹிங் ஆற்றைத் தாண்டி இரண்டு மணி நேரப் பாதை. பூரபி அவனுடைய ஒரே தங்கை. அப்பா போன பிறகு அவளைக் கௌஹாத்தியில் விட்டுக் கணக்கும் பூமிச் சாஸ்திரமும் படிக்க வைத்தவன் அவன்தான். இருபத்தேழு வயதாகியும் அவளை 'மாஜனி' என்று குழந்தையைக் கூப்பிடுவது போலத்தான் கூப்பிடுவான். அவள் எங்கள் ஆபீசில் வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கிற வேலையில் இருந்தாள். சித்திரை பிஹுவுக்கு வாத்துக்கறி ஆக்கி ரிக் ஆட்களைக் கூப்பிட்டபோது, அரிசிக் கள் இரண்டு கிண்ணம் உள்ளே போனதும் ஜூகல் எழுந்து நின்று சொன்னான், இந்தத் தடவை தோண்டப்போகும் கிணற்றுக்கு ஆழக்கணக்குப் போட்டது என் தங்கை, அவள் சொன்ன இடத்தில் பாறை மாறவில்லை என்றால் என் மீசையை எடுத்துக்கொள்ளுங்கள் என்று. அன்றிலிருந்து ரிக் ஆட்கள் அந்தக் கிணற்றுக்கு 'பைதேவ் கிணறு' என்றே பேர் வைத்துவிட்டார்கள். அக்கா கிணறு என்று அர்த்தம்.

அவள் செய்த வேலை எனக்குக் கொஞ்சம் புரியும். ரிக்குக்கு வண்டி ஓட்டுவதற்கு முன் ஆறு வருஷம் சர்வே கூட்டத்தோடு சுற்றியிருக்கிறேன். வயலிலும் தேயிலைத் தோட்டத்திலும் குழி போட்டு வெடி வைப்போம். அதிர்வு பூமிக்குள் இறங்கி, அடுக்கடுக்காக இருக்கிற மண்ணிலும் பாறையிலும் பட்டுத் திரும்பி வரும். அதைக் கேட்பதற்கு நெல்நாற்று மாதிரி வரிசையாகத் தரையில் கேட்புக் குமிழ்களை ஊன்றியிருப்போம். பக்கத்துக் குமிழுக்கு முதலில் கேட்கும், தூரத்துக் குமிழுக்குக் கொஞ்சம் தாமதமாகக் கேட்கும். எவ்வளவு தாமதம் என்று பார்த்து, அதிர்வு எந்த வேகத்தில் போய் வந்தது என்று கணக்குப் போடுகிறவள் பூரபி. வேகம் தெரிந்தால்தான் ஆழம் தெரியும். ஆழம் தெரிந்தால்தான் கிணற்றுக்காரர்கள் எங்கே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

அன்றைக்கு ஆபீஸ் வாசலில் இறங்கியவள் போகாமல் ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மழைக்காகப் பிளாஸ்டிக் தாளில் சுற்றிய ஒரு வரைபடச் சுருள் கக்கத்தில் இருந்தது.

"டிம்பண்ணா, மத்தியானம் நீங்க தெகேரிமுக் போறீங்களா?"

ரிக்குக்குக் காய்கறியும் லேபிலிருந்து சாமான்களும் கொண்டுபோக வேண்டும், பதினோரு மணிக்குக் கிளம்புவேன் என்றேன்.

"பதினோரு மணி வரைக்கும் எனக்காக நில்லுங்க. நான் ஃபூகன் சாரப் பாத்துட்டு வந்துர்றேன்."

ஃபூகன் சார் அவள் பிரிவுக்குப் பெரிய அதிகாரி. நல்ல மனுஷன், ரிட்டையராக ஒரு வருஷம் இருந்தது. உள்ளே என்ன நடந்தது என்று பிறகு வழியெல்லாம் அவளே சொன்னாள்.

பூமிக்குள் பொய் சொல்லும் எதிரொலிகளும் உண்டாம். மேலே இருக்கிற கெட்டியான அடுக்கில் பட்டுத் திரும்பிய அதிர்வு, தரையில் மோதி மறுபடி கீழே போய், அதே அடுக்கில் இரண்டாம் தடவை பட்டு வரும். நேரத்தைப் பார்த்தால் ரொம்ப ஆழத்திலிருந்து வந்தது போலத் தெரியும். வேகத்தைப் பார்த்தால் மெதுவாக இருக்கும், ஏனென்றால் அது மேல்மண்ணிலேயே இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தது. அதனால் ஆழத்தில் மெதுவான எதிரொலி தெரிந்தால் அது இரட்டை எதிரொலி என்று ஒதுக்கிவிட்டு, வேகமாக இருப்பதைக் குறிக்க வேண்டும். அந்த ஆபீசில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். தெகேரிமுக்கிலும் அப்படி ஒன்று வந்தது. பூரபி முதலில் அதைப் பென்சிலால் குறித்தாள், பிறகு ரப்பரால் அழித்துவிட்டு வேகமானதைக் குறித்துக் கையெழுத்துப் போட்டாள். அது நடந்து ஒன்றரை வருஷம்.

போன வாரம் பக்கத்துச் சர்வே கோட்டின் தாளைத் திருத்திக்கொண்டிருந்தபோது சந்தேகம் வந்திருக்கிறது. இரட்டை எதிரொலி என்றால் முதல் எதிரொலிக்குச் சரியாக இரண்டு மடங்கு நேரத்தில் வர வேண்டும். நொடியை ஆயிரமாகப் பங்கு போட்ட கணக்கில், மேலே இருக்கிற நிலக்கரி அடுக்கு தொள்ளாயிரத்து எண்பதில் இருந்தது. இரட்டித்தால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது. அவள் அழித்த குறியோ இரண்டாயிரத்து ஐம்பதில். தொண்ணூறு இடித்தது. மூன்று நாள் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் தொண்ணூறு இடித்தது.

அப்படியானால் அந்த எதிரொலி நிஜம். அங்கே அதிர்வு நிஜமாகவே தயங்குகிறது. ஆழத்தில் பாறை இறுகி இருக்க வேண்டும், அதிர்வு வேகமாக ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் அந்தக் களிமண் அடுக்கு தன்னிடமிருந்த தண்ணீரை வெளியே விட முடியாமல் மூடிக்கொண்டு கிடக்கிறது, மேலே இருக்கும் பாரத்தை எல்லாம் அந்தத் தண்ணீரும் வாயுவும்தான் தாங்கிக்கொண்டிருக்கின்றன. அதில் துளை போட்டால் துளை வழியாக மேலே வரும். அப்படி ஓர் அடுக்கு மூவாயிரத்து இருநூறு மீட்டரில் வரும் என்றுதான் ரிக்காரர்களிடம் சொல்லியிருந்தார்கள். அவளுடைய புதுக் கணக்கில் இரண்டாயிரத்து எண்ணூற்று எழுபதிலேயே வந்தது.

ஃபூகன் சார் முழுக்கக் கேட்டாராம். கேலி செய்யவில்லை, கோபப்படவும் இல்லை. துளைக்குள் ஓடுகிற சேற்றைக் கனமாக்கினால்தான் கீழேயிருந்து வரும் அழுத்தத்தை அமுக்க முடியும். ஆனால் தேவையில்லாமல் கனமாக்கினால் மேலே இருக்கும் மெலிந்த மணல் அடுக்கு பிளந்து, சேறெல்லாம் அதற்குள் ஓடி, கிணறு வேறு விதமாகக் கையை விட்டுப் போகும். ஒரு தடவை நீ தப்பாகக் குறித்தேன் என்கிறாய், இன்றைக்குச் சொல்வது இரண்டாவது தப்பாக இருந்தால் நல்ல கிணற்றை நாமே கெடுத்தவர்கள் ஆவோம் என்றாராம். திங்கட்கிழமை கமிட்டி கூடும், குறிப்பு எழுதிக் கொடு என்றாராம். அவள் கன்ட்ரோல் ரூமில் போய்க் கேட்டாள். ரிக் அப்போது இரண்டாயிரத்து எழுநூற்று எழுபதில் இருந்தது. மணிக்கு நாலு மீட்டர் போகிறது. சனிக்கிழமையே தாண்டிவிடும். கையெழுத்து இல்லாமல் வயர்லெஸ்ஸில் எந்தச் செய்தியும் அனுப்ப மாட்டோம் என்றுவிட்டார்கள்.

"இப்ப என்ன பண்ணப் போற?" என்று கேட்டேன்.

"அண்ணன்கிட்ட நேர்ல சொல்லப் போறேன். வேற வழி எனக்குத் தெரியல."

வண்டியைக் குவார்ட்டர்ஸ் வழியாக விடச் சொன்னாள், மாற்றுத்துணி எடுக்க. நிரோதாவிடம் இரண்டே வார்த்தையில் சொல்லியிருப்பாள் போல. நிரோதா அடுப்பை அணைத்துவிட்டு, டிபன் கேரியரோடு வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். நீங்கள் எதற்கு அண்ணி என்று பூரபி கேட்டதற்கு அவள் சொன்ன பதில் எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது.

"ஆளுங்க முன்னாடி நீ தப்புன்னு சொன்னா, அவரு மொதல்ல உம்மேல கோபப்படுவாரு. அந்தக் கோபம் எறங்க ஒரு மணி நேரம் ஆகும். நான் இருந்தா பத்து நிமிஷத்துல எறங்கும். அந்த அம்பது நிமிஷம் உனக்கு வேணுமா வேணாமா?"

டிஹிங் துறையில் ஆறு கரை முட்டிக்கொண்டு ஓடியது. இரண்டு படகைச் சேர்த்துக் கட்டி மேலே பலகை போட்ட தோணி. முழு மூங்கிலும் வேரோடு வந்த வாழையும் மிதந்து வந்தன. தோணிக்காரன் முதலில் மாட்டேன் என்றான். பிறகு இன்றைக்கு இதுதான் கடைசி நடை, திரும்பி வர என்னைக் கேட்காதே என்று சொல்லி ஏற்றினான். நடு ஆற்றில் ஒரு மரம் வந்து பக்கவாட்டில் இடித்தபோது ஜீப் ஒரு முழம் நகர்ந்தது. பூரபி சுருளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். நிரோதா ஒரு கையால் கேரியரையும் மறு கையால் பூரபியின் மேகலாப் பாவாடையையும் பிடித்துக்கொண்டாள்.

ரிக்கில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. வயலுக்கு நடுவே பனைமரம் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று நிறுத்தின உயரத்துக்கு இரும்புக் கோபுரம். இன்ஜின் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் வாயைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்ள வேண்டும். ஜூகல் மேல்தட்டில் பிரேக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். தலையிலிருந்து கால் வரைக்கும் சாம்பல் நிறச் சேறு. எங்களைப் பார்த்ததும் வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக் கைப்பிடியை மற்றவனிடம் கொடுத்துவிட்டு ஓடி வந்தான்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று நிரோதா முதலில் சொன்னாள். அப்புறம் பூரபி சொன்னாள். சாப்பாட்டுக் கொட்டகையில் பலகை மேல் தாளை விரித்துவைத்துச் சொன்னாள். நாலைந்து ஆட்கள் சுற்றி வந்து நின்றுவிட்டார்கள். அவர்கள் காதில் விழுகிறதே என்று ஜூகலுக்கு. அவர்கள் காதிலும் விழட்டும் என்று அவளுக்கு.

"நீ குறிச்சது தப்புங்கிற."

"ஆமாண்ணா."

"ஒன்றரை வருஷமா அது தப்பில்ல. நான் ரெண்டாயிரத்து எழுநூறு மீட்டர் எறங்கினப்புறம் தப்பு."

"நான் மொதல்ல சரியாத்தான் குறிச்சேன். நானே அழிச்சிட்டேன். எல்லாரும் அழிக்கிறாங்கன்னு அழிச்சேன். இரட்டிச்சுப் பாத்திருந்தா ரெண்டு நிமிஷம். பாக்கல."

கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். ஜூகலுக்கு மீசை துடித்தது. ஆபீசில் இருக்கிறவர்களிடம் போய்ச் சொல், இங்கே வந்து என் ஆட்களைப் பயமுறுத்தாதே என்றான். தங்கச்சியாக வந்திருக்கிறாயா, ஆபீசிலிருந்து வந்திருக்கிறாயா என்று கேட்டான். ஆபீஸ் என்றால் கையெழுத்துப் போட்ட உத்தரவைக் காட்டு, தங்கச்சி என்றால் வீட்டுக்குப் போ என்றான். பூரபிக்குக் கண் கலங்கிவிட்டது, ஆனால் நகரவில்லை. நிரோதா கேரியரைத் திறந்து தட்டில் சோற்றைப் போட்டாள், மீன்சாறை ஊற்றினாள், அவன் கையில் கொடுத்தாள். எச்சில் கையோடு மனுஷன் எவ்வளவு நேரம்தான் கத்துவான். பாதிச் சோற்றில் அவனே கேட்டான்.

"எத்தனாவது மீட்டர்?"

"ரெண்டாயிரத்து எண்ணூத்தி எழுபது. முப்பது முன்ன பின்ன இருக்கலாம்."

"இப்ப எழுநூத்தி எண்பத்தி ஒண்ணு." மிச்சச் சோற்றைத் தின்று முடித்துக் கையைக் கழுவினான். "வா, ராஜ்கோவா சார்கிட்டப் போலாம்."

ராஜ்கோவா ரிக்குக்குப் பொறுப்பாளர். பேச்சு குறைவு. இரண்டு தடவை தாளைப் பார்த்தார், மூன்று தடவை வேலைத் திட்டத்தைப் பார்த்தார். சேற்றின் கனத்தை மாற்ற எனக்கு அதிகாரமில்லை, உத்தரவு மூவாயிரத்து ஐம்பது மீட்டரில்தான் மாற்றச் சொல்கிறது என்றார். பிறகு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இன்னொன்று சொன்னார். துளைக்குள் அனுப்பத்தான் உத்தரவு வேண்டும், தனித் தொட்டியில் கரைத்து வைப்பதற்கு வேண்டாம். பாரைட் என்கிற கனமான மாவு மூட்டை கொட்டகையில் முந்நூறு இருந்தது. அதைக் கரைத்துத் தயாராக வைக்கலாம். எங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும் என்பது டிரில்லரின் இஷ்டம், அதில் யாரும் கேள்வி கேட்க முடியாது என்றார்.

அன்று சாயங்காலம் முழுக்க மழையில் மூட்டை சுமந்தார்கள். நானும் சுமந்தேன். ஐம்பது கிலோ மூட்டை ஈரத்தில் அறுபதாகிவிடும். வெள்ளை மாவு வியர்வையில் ஒட்டி எல்லாரும் சாம்பல் பூசிய சாமியார்கள் மாதிரி ஆனோம். பைதேவ் ஒரு தாளைக் கொண்டுவந்து எங்கள் இடுப்பை ஒடித்துவிட்டாள் என்று முணுமுணுத்தார்கள், அவள் காதில் விழும்படியாகவே. ஜூகல் மூன்று மீட்டருக்கு ஒரு தடவை பம்பை நிறுத்தி, கிணற்று வாயில் சேறு அசைகிறதா என்று பார்த்தான். அசையவில்லை. மறுபடி மூன்று மீட்டர். தோணி இல்லாததால் பெண்கள் இருவரும் பக்கத்துக் கிராமத்தில் ஒரு வீட்டில் தங்கினார்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு எண்ணூற்று நாற்பதைத் தாண்டினார்கள். ஒன்றுமில்லை. ராஜ்கோவா கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். பூரபி கொட்டகையில் உட்கார்ந்து, மேலே வரும் பாறைத் தூளைக் கழுவிக் கழுவித் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கருப்பு டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி வைத்தாள், குடிக்கவில்லை. ஒன்றும் வரவில்லை என்றால் நல்லதுதானே என்றேன்.

"நல்லதுதான். ஆனா இந்த ஆளுங்க இனிமே எந்தத் தாளையும் நம்ப மாட்டாங்க, டிம்பண்ணா."

பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் இன்ஜின் சத்தம் மாறியது. இவ்வளவு நேரம் முக்கி முக்கிப் போய்க்கொண்டிருந்த துளைக்குழாய் சட்டென்று வெண்ணெய்க்குள் போவது போல இறங்கியது. ஜூகல் அரை மீட்டர்கூட விடவில்லை, பிரேக்கைப் பிடித்து நிறுத்தினான். பம்பை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினான். பம்பு நின்றது. எல்லாரும் கிணற்று வாயையே பார்த்தோம். பம்பு நின்றால் சேறும் நிற்க வேண்டும். நிற்கவில்லை. முதலில் மெல்ல வழிந்தது, பிறகு குமிழ் விட்டுக்கொண்டு பொங்கி வழிந்தது.

ஜூகல் மூடு என்று கத்தவில்லை. தானே போய் நெம்புகோலை இழுத்தான். கீழே கிணற்று வாயில் இருக்கும் பெரிய வால்வு குழாயைச் சுற்றி இறுகி மூடிக்கொண்டது. அழுத்தமானியின் முள் எழும்பியது. ராஜ்கோவா அதன் முன்னால் குனிந்து நின்று எண்ணிக்கொண்டிருந்தார். ஆழம் இரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பத்தொன்று.

மூடியாயிற்று, ஆனால் ஆபத்து மூடவில்லை. முள் ஒரு கோட்டைத் தாண்டினால் மேலே இருக்கும் மணல் அடுக்கு பிளந்துவிடும். உள்ளே வந்த வாயுவை ஒரு சிறு வால்வு வழியாக அளவாக வெளியே விட்டுக்கொண்டே, மறுபக்கம் கனமான சேற்றை மெல்ல இறக்க வேண்டும். அதிகம் விட்டால் கீழேயிருந்து இன்னும் வரும். குறைவாக விட்டால் மேலே பிளக்கும். ராஜ்கோவா முள்ளைப் பார்த்துத் தனியாக ஒரு கனம் கணக்குப் போட்டார். பூரபியிடம் நேற்றே அவள் போட்ட கனத்தைக் கேட்டார். இரண்டுக்கும் மயிரிழைதான் வித்தியாசம். நேற்றுக் கரைத்து வைத்த தொட்டியைத் திறந்துவிடச் சொன்னார். சிறு வால்வில் ஜூகல் நின்றான்.

வெளியே விட்ட வாயு மழைக்காற்றில் தாழ்ந்து வயல் பக்கம் போனது. எங்கேயாவது ஒரு பொறி இருந்தால் போதும். ராஜ்கோவா எந்த இன்ஜினிலாவது பொறி பறக்கிறதா என்று பார்க்கச் சொன்னார், பீடிகளைப் பிடுங்கினார். கிராமத்தை யார் நினைத்தது? சனிக்கிழமை மத்தியானம், முப்பது வீட்டிலும் அடுப்பெரிகிற நேரம். நினைத்தது நிரோதாதான். எங்கள் யாரையும் கேட்கவில்லை. மேகலாவை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பில் ஓடினாள். நான் பின்னால் ஓடினேன்.

வீடு வீடாக நுழைந்தாள். அடுப்பில் தண்ணியை ஊத்துங்க, காரணத்தை அப்புறம் சொல்றேன் என்றாள். ஒரு வீட்டில் பெண் பிள்ளைபெற்று ஆறாம் நாள், தாய்க்கும் குழந்தைக்கும் கணப்புச் சட்டி வைத்திருந்தார்கள். அந்த வீட்டு அத்தைக்காரி அணைக்க விடவில்லை, பச்சைக் குழந்தைக்குக் குளிர் பிடித்தால் நீ வந்து பார்ப்பாயா என்று கேட்டாள். நிரோதா தன் மேல் போர்த்தியிருந்த சாதரை அவிழ்த்துக் குழந்தையைச் சுற்றித் தாயின் மார்போடு கட்டினாள். அப்புறம் சட்டியைத் தானே தூக்கிக்கொண்டுபோய்க் குளத்தில் அமிழ்த்தினாள். அரைவேக்காட்டுச் சோறெல்லாம் அப்படியே நின்றது. அன்றைக்கு அந்தக் கிராமமே ஊறவைத்த அவலும் தயிரும் தின்றது.

நாலே முக்கால் மணிநேரம் ஜூகல் அந்தச் சிறு வால்வைவிட்டு நகரவில்லை. கால் இஞ்ச் திறப்பான், முள்ளைப் பார்ப்பான், அரைக்கால் இஞ்ச் மூடுவான். பூரபி பக்கத்தில் நின்று பம்பு எத்தனை அடி அடித்தது என்று எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணனும் தங்கையும் எண்ணைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. மூன்று மணி வாக்கில் முள் கோட்டுக்கு ஒரு நூல் கீழே வந்து நின்று நடுங்கியது. ராஜ்கோவா எழுந்து நின்றுவிட்டார். ஆட்கள் ஏணிப்பக்கம் நகர்ந்தார்கள். ஜூகல் அவளிடம் மட்டும் கேட்டான்.

"மேல் மணல் தாங்குமா?"

"தாங்கும்னு எனக்குத் தெரியாதுண்ணா. அந்த இடத்துல வேகம் நல்லா இருக்கு, இறுகித்தான் இருக்கும். அவ்வளவுதான் சொல்ல முடியும்."

"அது போதும்" என்று சொல்லிவிட்டு அவன் வால்வை அதற்குமேல் திறக்காமல் கையை எடுத்தான். ஒரு நிமிஷம் இருக்கும். எனக்கு ஒரு யுகம். முள் நடுங்கிக்கொண்டே இருந்துவிட்டு, மெல்ல இறங்க ஆரம்பித்தது.

ஐந்து மணிக்குச் சற்று முன்னால் பெரிய வால்வைத் திறந்தார்கள். சேறு அசையாமல் நின்றது. ஜூகல் அப்படியே இரும்புத் தட்டில் உட்கார்ந்தான். வலது கை விரல்களை மடக்க முடியவில்லை, நிரோதா வந்து ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். ஈரமாக, சாதர் இல்லாமல் வந்து நின்ற பெண்டாட்டியைப் பார்த்து என்ன கோலம் இது என்று கேட்டான். குழந்தைக்குக் குடுத்துட்டேன் என்றாள். யார் குழந்தை என்றுகூட அவன் கேட்கவில்லை.

வீட்டில் பிரச்சினை அதற்கப்புறம்தான் வந்தது. ஆபீஸ் அறிக்கையில் ஆட்களின் விழிப்பினால் கிணறு காப்பாற்றப்பட்டது என்று எழுதி முடிக்கத் தயாராக இருந்தார்கள். பூரபி தனியாக ஒரு குறிப்பு எழுதினாள், நிஜக் குறியை அழித்தது நான் என்று. ஜூகல் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுக் கூடாது என்றான். ரிக் பொறுப்பாளர் பதவிக்கு அவன் பெயர் போயிருந்த நேரம். பைதேவ் கிணறு என்று பேர் வரக் காரணமே இவன் வாய்தான்.

"கெணறு நிக்குது. உன்ன யாரும் கேக்கல. நீயாப் போய் ஏன் கழுத்த நீட்டற?"

"இதே மாதிரி ஒதுக்கி ஒதுக்கி இன்னும் நாலு கெணத்துக்குக் குறிச்சுக் குடுத்திருக்கோம். அங்கயும் ஒருத்தர் பிரேக்கப் பிடிச்சுட்டு நிப்பாரு. அவருக்குத் தங்கச்சி ஆபீஸ்ல இருக்க மாட்டா."

அவன் எழுந்து போய்விட்டான். அவள் குறிப்பைக் கொடுத்தாள். ஃபூகன் சார் அதைக் கமிட்டிக்கு எடுத்துப் போனார், வெள்ளிக்கிழமை தன்னிடம் அவள் வந்ததையும் தான் திங்கட்கிழமை என்று சொன்னதையும் அதிலேயே சேர்த்து எழுதிவிட்டு. நாலு கிணறும் நிறுத்தி வைக்கப்பட்டன. பூரபிக்குக் கையெழுத்துப் போடும் உரிமை போயிற்று. வேலையை மூன்று மூன்று மாதமாக நீட்டித்தார்கள், பழைய தாள்கள் நாற்பத்தொன்றையும் மறுபடி பார்ப்பது அவள் வேலை. பதவிப் பட்டியல் வந்தபோது ஜூகல் பெயர் இல்லை. அனுமதியில்லாமல் பெண்கள் இருவரை ரிக்குக்கு ஏற்றிப் போனதற்கு எனக்கும் ஒரு மெமோ வந்தது.

வீட்டில் பதினெட்டு நாள் பேச்சில்லை. சோற்றை நிரோதாதான் இருவருக்கும் தனித்தனியாகப் போட்டாள், ஒரே வீட்டில் எனக்கு ரெண்டு ஹோட்டல் என்று என் மனைவியிடம் சொன்னாளாம்.

ஆடி கடைசியில் ஜூகலுக்கு அடுத்த கிணறு போட்டார்கள். கிளம்புகிற அன்று காலையில் வண்டியை ஆபீஸ் பக்கம் விடச் சொன்னான். அந்த ஆபீசுக்குள் அவன் காலே வைத்ததில்லை. ரிக் பூட்சோடு, மெழுகு போட்ட தரையில் சேற்றுத்தடம் பதிய உள்ளே போனான். விரல்களுக்குத் தடவும் தைல டப்பாவை வண்டியில் மறந்துவிட்டான் என்று அதை எடுத்துக்கொண்டு நான் பின்னாலேயே போனேன்.

பூரபி மேசை மேல் ஆளுயரத் தாளை விரித்து உட்கார்ந்திருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"இந்தக் கெணத்துல எங்க மெதுவாப் போகுது? விரல வச்சுக் காட்டு, மாஜனி."

அவள் மேலிருந்து விரலை இறக்கிக்கொண்டே வந்தாள். இங்கே வேகம், இங்கே இன்னும் வேகம், இங்கே நிலக்கரி. அவன் தலையாட்டிக்கொண்டே வந்தான். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இங்க?"

"இங்க தெரியலண்ணா. எதிரொலி கலங்கிக் கிடக்கு. வேகமாவும் இருக்கலாம், மெதுவாவும் இருக்கலாம். எவ்வளவோ பாத்துட்டேன்."

ஆபீசில் இருந்த மற்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். தெரியாது என்று அந்த அறையில் யாரும் ரிக்காரனிடம் சொன்னதில்லை. ஜூகல் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தான். எங்கிருந்து எங்கே வரைக்கும் என்று கேட்டான். மூவாயிரத்து நூற்றுப்பத்திலிருந்து இருநூறு வரைக்கும் என்றாள். எழுதிக்கொண்டு, பக்கத்தில் ஏதோ சேர்த்து எழுதி, சரியா பார் என்று அவளிடம் நீட்டினான். அவள் தோளுக்கு மேலாக நானும் பார்த்தேன். 'மாஜனிக்குத் தெரியவில்லை' என்று எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தான்.

அந்தத் தொண்ணூறு மீட்டரை அவன் மீட்டருக்கு மீட்டர் பம்பை நிறுத்திப் பார்த்துத் தோண்டினான். நாலு நாள் ஆயிற்று. அங்கே ஒன்றும் இருக்கவில்லை, சாதாரணக் களிமண் பாறை. அதற்காக அவனை ரிக்கில் யாரும் கேலி செய்யவில்லை.